இனம், பாலினம், பட்டியல்: பேர் வைக்கிறது யாரு?

(பேச்சை வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கி, ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)



இந்த எபிசோட் சொற்களைப் பத்தினது. திருநங்கை, திருநம்பி, தன்பால் ஈர்ப்பு, இனம், பழங்குடி, சீர்மரபினர்னு நிறைய சொற்கள் நம்ம காதுல விழுது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பட்டியல் கொடுக்கறது சுலபம், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா ஒரு சொல் ஏன் வலிக்குது, இன்னொரு சொல் ஏன் வலிக்கலைங்கிறதுக்குப் பதில் வரலாற்றுலதான் இருக்கு. அதுக்குள்ள போகலாம்.

உத்தனப்பள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரே ஊர், ஒரே மக்கள், வேற வேற பேர்

ஓசூர்ல இருந்து ராயக்கோட்டை போற ரோட்டுல இருக்கு உத்தனப்பள்ளி. இன்னைக்கு அந்தப் பக்கம்னாலே தொழிற்சாலை, சிப்காட், கம்பெனி பஸ், லேடீஸ் ஹாஸ்டல்தான் ஞாபகம் வரும். ஊர்ப் பேர்ல இருக்கற 'பள்ளி'யைக் கவனிங்க. எல்லை தாண்டினா அதே சொல் 'ஹள்ளி'. பழைய கன்னடத்துல 'ப'ன்னு இருந்தது பிற்காலத்துல பல இடங்கள்ல 'ஹ' ஆயிடுச்சு. பால் அங்க ஹாலு, பல் அங்க ஹல்லு. ஓசூரே கன்னடத்துல 'ஹொசூரு', அதாவது புதூர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே தெருவுல பேசற பகுதி இது. 1956ல மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போ ஓசூர் அன்றைய சென்னை மாநிலத்தோடயே நின்னுது. சேலம் மாவட்டமா இருந்து, 1965ல தருமபுரி மாவட்டமாகி, 2004ல கிருஷ்ணகிரி மாவட்டமாச்சு.

மாநில எல்லை வெறும் ரோடு, செக்போஸ்ட் மட்டும் இல்லை. மனுஷங்களோட பேரையும் அது வெட்டும்.

லம்பாடி மக்களை எடுத்துக்குங்க. பஞ்சாரா, சுகாலி, லம்பாணின்னும் சொல்வாங்க. தருமபுரி மாவட்டம் சிட்லிங்கியில லம்பாடிப் பெண்களோட எம்பிராய்டரி ரொம்பப் பேர் போனது. இந்த மக்கள் ஆந்திரா, தெலங்கானாவுல பழங்குடியினர் பட்டியல்ல இருக்காங்க. கர்நாடகாவுல பட்டியல் சாதி. தமிழ்நாட்டுல இந்த ரெண்டு பட்டியல்லயும் இல்லை. மொழியும் சடங்கும் உறவுமுறையும் எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒண்ணுதான். பட்டியல் மட்டும் மூணு.

இன்னொரு உதாரணம், இன்னும் நுணுக்கமானது. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியல்ல 'குருமன்ஸ்'னு ஒரு பேர் இருக்கு. அதே பட்டியல்ல 'குரும்பாஸ்'னு தனியா ஒரு பேர், நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும். 'குரும்பா'ங்கிற பேர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல இருக்கு. எல்லை தாண்டினா 'குருபா', அது பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 'ஜேனு குருபா', 'காடு குருபா' அங்க பழங்குடி. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் ஒரு பையன் காலேஜ் சேரப் போறான்னா, தாத்தாவோட பத்திரத்துல 'குரும்பர்'னு எழுதியிருக்கா, 'குருமன்'னு எழுதியிருக்காங்கிறதுல அவனோட சீட்டே மாறும். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அந்த எழுத்தை எழுதினது அவனும் இல்லை, அவன் தாத்தாவும் இல்லை. எப்பவோ ஒரு கிராம அதிகாரி காதுல விழுந்த மாதிரி எழுதினது.

'சொல்லு என்னவா இருந்தா என்ன, மனசு நல்லா இருந்தா போதும்'னு சொல்றவங்க இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்.

'இனம்'ங்கிற ஒரே பை

தமிழ்ல ஒரு வசதியும் சிக்கலும் இருக்கு. ஆங்கிலத்துல ரேஸ், எத்னிசிட்டி, கம்யூனிட்டி, ஸ்பீஷீஸ், ஜெண்டர்னு அஞ்சு வேற சொற்கள். நாம எல்லாத்துக்கும் 'இனம்'ங்கிற ஒரே பையை நீட்டுவோம். தமிழினம், இனவெறி, பழங்குடி இனம், மாட்டு இனம், பாலினம். 'ஓரினச் சேர்க்கை'ங்கிற சொல்லுக்குள்ளயும் அதே இனம்தான் உட்கார்ந்திருக்கு.

இனம்னா அடிப்படையில 'ஒத்த வகை'ன்னுதான் பொருள். ஆனா 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவிலிருந்து 'ரேஸ்'ங்கிற கருத்து வந்து அந்தச் சொல் மேல ஏறிக்கிச்சு. 1816ல எல்லிஸ், 1856ல கால்டுவெல் ரெண்டு பேரும் காட்டினது தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாம் ஒரே மொழிக் குடும்பம்ங்கிறதைத்தான். எல்லிஸ் சொன்னது முழுக்க மொழி பத்தி. கால்டுவெல் காலத்துலயே மொழிக் குடும்பமும் மக்கள் இனமும் ஒண்ணோட ஒண்ணு கலக்க ஆரம்பிச்சுது. அப்புறம் எட்கர் தர்ஸ்டன் வந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளர். ஆட்களைக் கூப்பிட்டு நிக்க வெச்சு மண்டையோட நீளம், மூக்கோட அகலம் எல்லாம் கருவி வெச்சு அளந்தார். 1909ல ஏழு தொகுதியா 'தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும்' வெளிவந்துச்சு. மூக்கை அளந்து மனுஷனை வகை பிரிக்கலாம்ங்கிற அறிவியல் அப்புறம் செத்துப் போச்சு. அதுல எழுதின பேர்களும் வர்ணனைகளும் மட்டும் சாகலை. இன்னைக்கும் சாதி வரலாறு எழுதறவங்க அதைத்தான் புரட்டறாங்க.

ஆக ரேஸ்னா உடம்பை வெச்சு அடுத்தவங்க பிரிச்ச பிரிவு. எத்னிசிட்டின்னா மொழி, பழக்கம், பூர்வீகம், 'நாம'ங்கிற உணர்வு சேர்ந்து வர்றது. சாதி இந்த ரெண்டுலயும் அடங்காது, அதுக்கு மேல-கீழங்கிற ஏணி இருக்கு. இந்த மூணையும் 'இனம்'னு ஒரே பையில போட்டா, பேச்சு எங்கேயோ இடிக்கும்.

1871: ஒரே சட்டத்துல ரெண்டு பட்டியல்

இப்ப இந்த எபிசோடோட மையத்துக்கு வரேன். இனத்தையும் பாலினத்தையும் ஏன் ஒண்ணா பேசறேன்னு உங்களுக்குத் தோணியிருக்கலாம். பேச ஆரம்பிச்சது நான் இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கம்.

1871ல குற்றப் பழங்குடிகள் சட்டம்னு ஒண்ணு வந்தது. பெரும்பாலும் நாம கேள்விப்பட்டது அதோட முதல் பகுதி மட்டும்தான். சில சமூகங்கள் பிறப்பிலேயே குற்றவாளிங்கன்னு சொல்லி, பேரைப் பதிவு பண்ணி, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தின பகுதி. அந்தச் சட்டத்துக்கு ரெண்டாவது பகுதி ஒண்ணு இருந்தது. தலைப்பே 'யூனக்'ங்கிற சொல்லோட வரும். ஹிஜ்ரா சமூகத்தைப் பதிவேட்டுல ஏத்தறதுக்காக எழுதின பகுதி அது. பதிவேட்டுல பேர் ஏறினவங்க பொது இடத்துல பெண் உடை போட்டா, ஆடினா, பாடினா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை. ஒரு குழந்தைக்குக் கார்டியனா இருக்க முடியாது. தன் சொத்தை இன்னொருத்தருக்கு எழுதி வைக்க முடியாது.

இந்த ரெண்டாம் பகுதி வட இந்தியாவுலதான் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்துல பலமா வந்து இறங்கினது 1911 சட்டம் வழியா வந்த முதல் பகுதி. குறவர், கள்ளர்னு பல சமூகங்களைக் கைரேகைக்கு வரிசையில நிக்க வெச்சது அது. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூடு, அந்தக் கைரேகைப் பதிவை எதிர்த்ததுக்காக நடந்தது.

இங்க தர்க்கத்தைக் கவனிங்க. ஒருத்தர் என்ன பண்ணினாருங்கிறது அந்தச் சட்டத்துக்கு ரெண்டாம் பட்சம். அவர் யாருங்கிறதே குற்றம். அதுக்கு முதல்ல அவருக்கு ஒரு பேர் வேணும், அந்தப் பேர் ஒரு பட்டியல்ல ஏறணும். போலீஸுக்குப் பட்டியல் இருந்தா போதும்.

சென்னை மாகாணத்துல 1947லயும் நாடு முழுக்க 1952லயும் இந்தச் சட்டம் ரத்தாச்சு. அப்புறம் அந்த மக்களுக்குத் தமிழ்ல ஒரு புதுப் பேர் வந்தது: சீர்மரபினர். 1979ல தமிழ்நாடு அரசு ஒரு அரசாணை போட்டு, ஆங்கிலப் பேர்ல இருந்த 'டிரைப்ஸ்'ங்கிற சொல்லை எடுத்துட்டு 'கம்யூனிட்டிஸ்'னு மாத்துச்சு. ஒரே ஒரு சொல். அதுல மத்திய அரசுச் சலுகை போச்சுன்னு போராட்டம் 40 வருஷம் ஓடிச்சு. 2019ல மாநிலத்துக்கு ஒரு பேர், மத்திய அரசுக்கு ஒரு பேர்னு ரெட்டைப் பேர்ல வந்து நின்னுது.

'சீர்மரபினர்'ல முன்னாடி 'சீர்' இருக்கு. 'திருநங்கை'யில முன்னாடி 'திரு' இருக்கு. 1871 சட்டத்தோட ரெண்டு பகுதியிலயும் மாட்டினவங்களுக்கு நம்ம ஊர்ல நடந்த பரிகாரம் ஒரே மாதிரி இருக்கறதைப் பாருங்க. முதல்ல ஒரு மரியாதை அடைமொழி சேர்த்தோம். அது சின்ன விஷயம் இல்லை. ஆனா அதோட வேலை முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சுட்டோமோங்கிற கேள்வி இருக்கு.

பேடி, அலி, அரவாணி, திருநங்கை

தமிழ்ச் சொற்களோட பயணத்தை வேகமா ஒரு சுத்து பாத்திடலாம்.

தொல்காப்பியத்துலயே இதைப் பத்தி இலக்கண விதி இருக்கு. ஆண், பெண்ங்கிற ரெண்டுக்குள்ள நேரா அடங்காதவங்களும் உயர்திணைதான், அதாவது மனுஷங்கதான். ஆனா அவங்களுக்குன்னு தனி வினைமுடிவு கிடையாதுங்கிறார். 'வந்தான்', 'வந்தாள்'ங்கிற ரெண்டுல ஒண்ணைத்தான் எடுத்துக்கணும். நன்னூல்ல பவணந்தியும் பேடு பத்தி எந்தப் பாலோட சேர்க்கறதுன்னு விதி சொல்றார். இன்னைக்கு உலகம் முழுக்க 'ப்ரோநவுன் என்ன'ன்னு நடக்கிற விவாதத்தை நம்ம இலக்கணக்காரங்க எழுத்தாணி வெச்சுக்கிட்டு யோசிச்சிருக்காங்க. சிலப்பதிகாரத்துல மாதவி ஆடற பதினோரு ஆடல்ல 'பேடு'ன்னு ஒண்ணு உண்டு.

இதைக் கேட்டதும் 'பாத்தீங்களா, நம்ம முன்னோர் எவ்ளோ முற்போக்கு'ன்னு காலரைத் தூக்க வேண்டாம். அதே காலத்து இலக்கியத்துல 'பேடி'ன்னா கோழை, கையாலாகாதவன்னும் அர்த்தம். திருக்குறள்லயே அந்த அர்த்தத்துல வருது. இலக்கணம் இடம் கொடுத்துச்சு, உவமை இழிவுபடுத்திச்சு. ரெண்டும் உண்மை.

'அலி'க்கும் இப்படி ஒரு கதை. மாணிக்கவாசகர் சிவனைப் பாடும்போது பெண், ஆண், அலி மூணையும் சேர்த்துக் கடவுளுக்கே சொல்றார். அந்த இடத்துல அது வசை கிடையாது. பின்னாடி தெருவும் சினிமா காமெடியும் சேர்ந்து அதை ஏசற சொல்லா ஆக்கிடுச்சு. அதனால 'பழைய இலக்கியத்துல இருக்கே, நான் சொன்னா என்ன தப்பு'ங்கிற வாதம் நிக்காது. ஒரு சொல்லோட இன்றைய அர்த்தத்தை முடிவு பண்றது கடைசியா அதை யார், யாரைப் பாத்து, எந்தக் குரல்ல சொன்னாங்கங்கிறதுதான். 'ஒம்போது'ங்கிறது வெறும் எண்ணு. பஸ்ஸுல ஒருத்தரைப் பாத்துச் சொன்னா அது அடி.

அடுத்தது 'அரவாணி'. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்துல கூத்தாண்டவர் கோயில் சித்திரைத் திருவிழா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பாரதப் போருக்காகப் பலியாகப் போற அரவானைக் கண்ணன் மோகினியா வந்து கல்யாணம் பண்ற கதை. அரவானோட மனைவி அரவாணி. 'அலி'யை விட்டு வெளிய வர அது ஒரு பெரிய கதவா இருந்தது. 2008 ஏப்ரல் 15ல தமிழ்நாடு அரசு நல வாரியம் ஆரம்பிச்சப்போ அதுக்கு 'அரவாணிகள் நல வாரியம்'னுதான் பேர். இந்தியாவுல இப்படி ஒரு வாரியம் அதுதான் முதல். ஆனா அந்தப் பேருக்குள்ள ஒரு புராணம் இருக்கு. கிறிஸ்தவரா, இஸ்லாமியரா இருக்கறவங்க? அடுத்த நாள் தாலி அறுக்கற ஒரு கதையை வாழ்நாள் முழுக்கப் பேரா சுமக்க விரும்பாதவங்க? அப்புறம், பெண்ணா வளர்க்கப்பட்டு ஆணா வாழறவங்க அந்தக் கதைக்குள்ள எங்க இருக்காங்க?

'திருநங்கை'ங்கிற சொல் கருணாநிதி ஆட்சிக் காலத்துல அரசு வழக்குக்கு வந்து பரவிச்சு. அதோட ஜோடியா 'திருநம்பி', ரெண்டுக்கும் பொதுவா 'திருநர்'. இந்தச் சொற்கள்ல புராணம் கிடையாது, உடம்பைப் பத்தின விவரமும் கிடையாது. நங்கைன்னா பெண், நம்பின்னா ஆண். இதே காலத்துலதான் சொந்தக் குரல்ல புத்தகங்களும் வர ஆரம்பிச்சுது. 2007ல லிவிங் ஸ்மைல் வித்யாவோட 'நான், சரவணன் வித்யா' அதுல ஒண்ணு. அடுத்தவங்க வெச்ச பேரை விளக்கிக்கிட்டிருந்தவங்க தங்களைத் தாங்களே எழுத ஆரம்பிச்ச நேரம் அது.

இதே நேரம் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினா பேர் மறுபடி மாறும். கர்நாடகாவுல 'மங்களமுகி', 'ஜோகப்பா', 'ஜோகதி'. வட கர்நாடகத்து எல்லம்மா மரபுலேர்ந்து வர்ற பேர் ஜோகதி; அந்த மரபுக் கலைஞரான மஞ்சம்மா ஜோகதிக்கு 2021ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. வட இந்தியாவுல 'ஹிஜ்ரா', 'கின்னர்'. இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு மொழிபெயர்ப்பு இல்லைங்கிறதை ஞாபகம் வெச்சுக்குங்க. ஹிஜ்ராங்கிறது குரு, சேலா, வீடுன்னு கட்டமைப்பு உள்ள ஒரு சமூகம். திருநங்கைங்கிறது ஒரு அடையாளம். ஒருத்தர் ரெண்டாவும் இருக்கலாம், ஒண்ணா மட்டும் இருக்கலாம்.

'மூன்றாம் பாலினம்'? 2014 ஏப்ரல் 15ல உச்ச நீதிமன்றம் நால்சா வழக்குல தீர்ப்பு சொன்னதுக்கு அப்புறம் இந்தச் சொல் எல்லா இடத்துலயும் பரவிச்சு. அந்தத் தீர்ப்பு எல்லாரையும் மூணாவது பெட்டியில போடச் சொல்லலை. ஆண், பெண், மூன்றாம் பாலினம், இதுல எதுன்னு முடிவு பண்ற உரிமை அவங்கவங்களுக்கேன்னுதான் சொல்லுச்சு. தன்னைப் பெண்ணுன்னு சொல்ற ஒரு திருநங்கையை 'மூன்றாம் பாலினம்'னு எழுதறது, மரியாதையா சொல்ற மாதிரி தெரிஞ்சாலும், அவங்க சொன்னதை மறுக்கிறதுதான். முதல் யாரு, ரெண்டாவது யாருங்கிற கேள்வியும் பாக்கி இருக்கு.

'சேர்க்கை'யா, 'ஈர்ப்பா'?

இதுவரைக்கும் பேசினது பாலின அடையாளம்: நான் யாரு. அடுத்தது பாலீர்ப்பு: எனக்கு யார் மேல ஈர்ப்பு. இந்த ரெண்டையும் ஒண்ணா குழப்பறது ரொம்ப சகஜம். ஒரு திருநங்கைக்கு ஆண் மேலயும் ஈர்ப்பு இருக்கலாம், பெண் மேலயும் இருக்கலாம். ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு தெரிஞ்சதா ஆகாது.

'ஹோமோசெக்சுவல்'ங்கிற சொல் எப்படிப் பிறந்ததுன்னு தெரியுமா? கார்ல் மரியா கெர்ட்பெனின்னு ஒரு எழுத்தாளர் 1860களோட கடைசியில உருவாக்கினது. பிரஷ்யாவுல தன்பால் உறவைக் குற்றமாக்கற சட்டத்தை எதிர்த்து 1869ல அவர் அச்சடிச்ச துண்டுப் பிரசுரத்துல அந்தச் சொல் வருது. சட்டத்துக்கு எதிரா பிறந்த சொல்லை அப்புறம் டாக்டர்கள் எடுத்து நோய்ப் பேரா ஆக்கினாங்க. உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியல்லேர்ந்து எடுத்தது 1990 மே 17ல. எல்லாருக்கும் பொதுவான சொத்து மாதிரி தெரியற சொல்லு, கை மாறும்போது வேலையும் மாறும்.

தமிழ்ல நாம பிடிச்சுக்கிட்ட சொல் 'ஓரினச் சேர்க்கை'. சேர்க்கைன்னா செயல். ஒரு மனுஷனோட காதல், ஏக்கம், குடும்பம், வாழ்க்கை எல்லாத்தையும் படுக்கையறைக்குள்ள சுருக்கற சொல் அது. ஒரு ஆணும் பெண்ணும் லவ் பண்றாங்கன்னா அவங்களை 'சேர்க்கையாளர்'னு சொல்லுவோமா? 'தன்பால் ஈர்ப்பு'ங்கிற சொல் இதைச் சரி பண்ணுது. செயல்லேர்ந்து உணர்வுக்கு நகருது. 'பால்புதுமையர்'ங்கிறது 'குயர்'ங்கிறதுக்கு வந்த சொல். ஆண் உடல், பெண் உடல்ங்கிற வழக்கமான கூறுகளுக்குள்ள அடங்காத உடற்கூறோட பிறக்கறவங்களுக்கு 'ஊடுபால்'. ஊடுபால் வேற, திருநர் வேற. ஒண்ணு உடற்கூறு பத்தினது, இன்னொண்ணு அடையாளம் பத்தினது.

மதுரைலேர்ந்து கிளம்பின ரெண்டு பேர், ஒரு அரசிதழ்

இந்தச் சொற்கள் சும்மா இணையத்துல சுத்திக்கிட்டு இருந்தது எப்படி அரசாங்க ஆவணத்துக்குள்ள போச்சு?

2021ல மதுரையைச் சேர்ந்த ரெண்டு இளம் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் விரும்பி, வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்தாங்க. வீட்டுல காணோம்னு போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. பெண்கள் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்கிட்ட வந்தது. தனக்கு இந்த விஷயம் முழுசா புரியலைன்னு அவர் வெளிப்படையா சொன்னார். ஒரு உளவியலாளர்கிட்ட தானே அமர்வுக்குப் போனார், திருநர் சமூகத்தைச் சேர்ந்தவங்ககிட்டயும் பேசினார். 2021 ஜூன் 7ல வந்த உத்தரவுல, பாலீர்ப்பை 'மாத்தறோம்'னு சொல்லிக் கொடுக்கிற சிகிச்சைக்குத் தடை போட்டார். போலீஸ், பள்ளி, மருத்துவம், சிறைன்னு ஒவ்வொரு துறைக்கும் பயிற்சி தரச் சொன்னார்.

அப்ப வந்து நின்ன சிக்கல் சொல்தான். போலீஸுக்குப் பயிற்சி கொடுக்கணும், பத்திரிகைக்கு வழிகாட்டி எழுதணும். எந்தச் சொல்லை வெச்சு? அரசாங்கம் அகராதியிலேர்ந்து எடுத்துப் போட்டா மறுபடி மேலேர்ந்து வெச்ச பேராத்தான் இருக்கும். இந்த வேலையைச் சமூகத்தைச் சேர்ந்தவங்களே செஞ்சாங்க. குயர் சென்னை க்ரோனிக்கிள்ஸ் அமைப்பும் தி நியூஸ் மினிட் இதழும் சேர்ந்து ஊடகங்களுக்காக ஒரு தமிழ்ச் சொற்பட்டியலைக் கொண்டுவந்தாங்க. சமூகத்தோட சொற்பட்டியல் நீதிமன்றத்துக்குப் போய், விவாதிச்சு, 2022 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசிதழ்ல சொற்கையேடு வெளியாச்சு.

150 வருஷம் முன்னாடி அரசாங்கம் ஒரு பதிவேட்டுல பேர் எழுதுச்சு, யாரையும் கேக்கலை. இந்தத் தடவை பேரைச் சொன்னவங்க அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க. அரசிதழ் அதை எழுதிக்கிச்சு. இந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்த எபிசோடே.

ஒரு சொல்லோட எல்லை எவ்வளவு தூரம் போகும்னு காட்ட இன்னொரு வழக்கு. தூத்துக்குடியில ஒரு ஆணும் ஒரு திருநங்கையும் கோயில்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பதிவு பண்ணப் போனா மறுத்துட்டாங்க. இந்து திருமணச் சட்டத்துல 'மணமகள்'னு இருக்கே, திருநங்கை மணமகளான்னு கேள்வி. 2019 ஏப்ரல் 22ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 'மணமகள்'ங்கிற சொல் தன்னைப் பெண்ணா அடையாளப்படுத்தற திருநங்கையையும் குறிக்கும்னு தீர்ப்பு சொன்னார். சட்டத்துல ஒரு வரி கூட மாறலை. ஒரு சொல்லோட அர்த்தம் மட்டும் திறந்தது. அதே தீர்ப்புல ஊடுபால் குழந்தைகளுக்கு அவசியமில்லாத பால் மாற்று அறுவை சிகிச்சை செய்யறதுக்குத் தடை விதிக்கச் சொன்னார். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு அரசாணை போட்டுச்சு.

பாலினம் எப்படிச் சாதி ஆச்சு?

இப்ப மறுபடி பட்டியலுக்கு வருவோம், ஏன்னா கதை அங்கதான் சுத்தி வந்து நிக்குது.

நால்சா தீர்ப்பு, திருநர்களைச் சமூகரீதியா பிற்படுத்தப்பட்டவங்களா கருதி இடஒதுக்கீடு கொடுக்கணும்னு சொல்லுச்சு. தமிழ்நாடு என்ன பண்ணுச்சு? 2015ல மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல ஒரு வரி சேர்த்துச்சு. வண்ணார், வேட்டுவக் கவுண்டர்னு சாதிப் பேர்கள் வரிசையா இருக்கற அதே பட்டியல்ல 'டிரான்ஸ்ஜெண்டர் அல்லது யூனக் (திருநங்கை அல்லது அரவாணி)'னு ஒரு பதிவு. 1871 சட்டத்தோட 'யூனக்'ங்கிற சொல் உட்பட எல்லாப் பேரும் ஒரே வரியில இருக்கு. திருநம்பி மட்டும் தமிழ்ப் பேர்ல இல்லை.

நோக்கம் நல்லது. ஆனா திருநர்ங்கிறது ஒரு சாதி இல்லையே. எல்லா சாதியிலயும் திருநர் பிறக்கறாங்க. ஒரு தலித் திருநங்கை எந்தப் பட்டியலுக்குப் போவாங்க? தலித்தா வந்தா திருநங்கைங்கிறதுக்கு எதுவும் இல்லை. திருநங்கையா வந்தா, அந்தப் பெரிய பட்டியல்ல இருக்கற அத்தனை சாதியோடயும் போட்டி போடணும். கிரேஸ் பானு மாதிரியான செயற்பாட்டாளர்கள் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டிருக்கறது 'கிடைமட்ட' இடஒதுக்கீடு. அதாவது பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இருக்கற மாதிரி, எல்லா வகுப்புப் பிரிவுக்குள்ளயும் ஒரு பங்கு. கர்நாடகா 2021லயே அரசு வேலையில 1 சதவீதம் அப்படிக் கொடுத்துடுச்சு. ஆக ஓசூர்ல ஒரு திருநங்கைக்கும், சில கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளியில ஒரு மங்களமுகிக்கும் அரசு வேலைக்கான வழியே வேற. 2024 ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமும், பாலின அடையாளத்தைச் சாதி மாதிரி நடத்தறது தப்பு, கிடைமட்டமா 1 சதவீதம் கொடுங்கன்னு சொல்லுச்சு.

லம்பாடி கதையும் திருநங்கை கதையும் ஒரே செக்போஸ்ட்ல சந்திக்குது பாருங்க.

சரி, நாம என்ன பண்ணலாம்?

கம்பெனி பஸ்ஸுலயும் கேன்டீன்லயும் ஹாஸ்டல்லயும் நாளைக்கே உதவற மாதிரி நாலு விஷயம்.

ஒண்ணு, 'அவங்க'. தொல்காப்பியர் காலத்துலேர்ந்து 'வந்தானா, வந்தாளா'ன்னு இருந்த சிக்கலுக்குப் பேச்சுத் தமிழ்ல அருமையான விடை இருக்கு. 'அவங்க வந்தாங்க.' மரியாதையும் ஆச்சு, பாலினத்தைக் கணிக்கவும் வேண்டாம். கன்னடத்துல 'அவரு', தெலுங்குல 'வாரு'. ஒருத்தர் தன்னை 'அவள்'னோ 'அவன்'னோ சொல்லச் சொன்னா அப்படியே சொல்லுங்க.

ரெண்டு, தேவையில்லாத இடத்துல அடையாளத்தை இழுக்காதீங்க. 'நம்ம லைன்ல புதுசா ஒரு சூப்பர்வைசர் வந்திருக்காங்க'ன்னா போதும். 'திருநங்கை சூப்பர்வைசர்'னு சொல்லணும்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். பழைய பேர், ஆபரேஷன் பத்தியெல்லாம் கேக்கறதுக்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

மூணு, மொத்தமா ஒரு பேர் வெக்கறது. இப்ப ஓசூர், உத்தனப்பள்ளி பக்கம் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம்லேர்ந்து நிறைய பேர் வேலைக்கு வர்றாங்க. எல்லாரும் நமக்கு 'வடக்கன்', 'இந்திக்காரங்க'. வீட்டுல சந்தாளி பேசற ஒரு ஜார்க்கண்ட் பொண்ணுக்கு இந்தி நம்ம மாதிரியே பள்ளிக்கூடத்துல படிச்ச மொழி. பெங்களூருல நம்மளை 'கொங்கா'ன்னு கூப்பிட்டா நமக்குச் சுருக்குன்னு இருக்கும் இல்ல? அவங்களுக்கும் அதேதான். எந்த ஊரு, என்ன மொழின்னு கேட்டுப் பாருங்க. பேச்சு அங்கிருந்தே ஆரம்பிக்கும்.

நாலு, சொற்கள் மாறும். 'அரவாணி' ஒரு காலத்துல விடுதலை, இன்னைக்குப் பலருக்குப் பழசு. இன்னைக்கும் தன்னை அரவாணின்னு சொல்றவங்களும் இருக்காங்க. அவங்களைத் திருத்தற வேலை நமக்கில்லை. 'திருநங்கை'யும் ஒரு நாள் மாறலாம். மாறும்போது 'எத்தனை பேர்டா கத்துக்கறது'ன்னு அலுத்துக்காதீங்க. கம்பெனி ஆப் மாசம் ஒரு தடவை அப்டேட் ஆகுது, அதைக் கத்துக்கறோம்ல?

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை நீங்க ஒரு ஃபார்ம் நிரப்பும்போது, அது வேலைக்கோ ஹாஸ்டலுக்கோ பேங்குக்கோ இருக்கலாம், 'பாலினம்', 'இனம்/வகுப்பு'ங்கிற ரெண்டு கட்டத்தையும் ஒரு நிமிஷம் பாருங்க. அதுல என்னென்ன தேர்வு கொடுத்திருக்காங்க, யாருக்கு இடமே இல்லைன்னு பாருங்க. ஹெச்.ஆர்ல இருக்கறவங்க இதைக் கேட்டுக்கிட்டிருந்தா, அந்தக் கட்டத்தை மாத்தற அதிகாரம் உங்க கையில இருக்கு. திருநம்பிங்கிற ஒரு வரியைச் சேர்க்க நீதிமன்ற உத்தரவு தேவையில்லை.

அடுத்த எபிசோட்ல பெருங்காமநல்லூரையும் கைரேகைச் சட்டத்தையும் தனியா, விரிவா பேசலாம்.